ஆரல்வாய்மொழிக்கு மேற்கே ஒரு மௌலவி

மயிலாடியில் பொழுது விடிவது உளிச்சத்தத்தோடுதான். அந்தச் சத்தத்தை விட்டு வடக்கே சில கல் தூரம் போனால் ஆரல்வாய்மொழி வரும். மலை இரண்டாகப் பிளந்து காற்றுக்கு வழி விட்ட இடம். இப்போது அங்கே முப்பந்தல் வரைக்கும் காற்றாலைகள் ராட்சதக் கைகளை வீசிக்கொண்டு நிற்கின்றன. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதி வரை அந்தக் கணவாய்தான் எல்லை. ராஜா காலத்தில் இந்தப் பக்கம் திருவிதாங்கூர் மகாராஜாவின் சீமை, அந்தப் பக்கம் திருநெல்வேலிச் சீமை. பணம் வேறு, சட்டம் வேறு, ஆண்டுக்கணக்குகூட வேறு.

1910ஆம் ஆண்டு செப்டம்பர் கடைசியில் இந்தக் கணவாய் வழியாக ஒரு மனிதரைப் போலீசார் காவலோடு கொண்டு போய் எல்லைக்கு அப்பால் விட்டார்கள். ‘சுதேசாபிமானி’ பத்திரிகையின் ஆசிரியர் கெ. ராமகிருஷ்ண பிள்ளை அவர். ஊர் நெய்யாற்றின்கரை. திவான் ராஜகோபாலாச்சாரியின் நிர்வாகத்தைப் பற்றி அவர் எழுதியது சர்க்காருக்குச் சுட்டது. செப்டம்பர் 26ஆம் தேதி பத்திரிகையைத் தடை செய்து, அச்சுக்கூடத்தைக் கைப்பற்றி, ஆசிரியரை நாடு கடத்தினார்கள். அவர் திரும்பி வரவேயில்லை. 1916இல் கண்ணூரில், நாற்பது வயதுகூட நிரம்பாமல் காலமானார்.

இந்தக் கதை பலருக்கும் தெரியும். நெய்யாற்றின்கரைக்காரருக்குச் சிலை உண்டு, பள்ளிக்கூடப் புத்தகத்தில் பாடமும் உண்டு. ஆனால் அந்த அச்சுக்கூடம் யாருடையது என்று கேட்டுப் பாருங்கள். நம் பக்கத்தில் பத்துப் பேரில் ஒன்பது பேர் விழிப்பார்கள். எல்லைக்கோடு மாறியதில் நாம் இழந்தது நிலம் மட்டுமல்ல, சில மனிதர்களையும்தான். அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது, ஒரே சமஸ்தானத்தில் நம்மோடு பிரஜையாக இருந்தவர்கள் அடுத்த வீட்டுக்காரர்கள் ஆகிவிட்டார்கள். அவர்களில் ஒருவர் வக்கம் அப்துல் காதிர் மௌலவி.

சிறையின்கீழ் தாலுகாவில், காயல் ஓரத்தில் இருக்கிறது வக்கம் என்ற ஊர். அங்கே வசதியான குடும்பத்தில் 1873ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் தேதி பிறந்தார். குடும்பத்தின் வேர்களில் ஒன்று மதுரை வரை போகிறது என்பார்கள். மலையாளம் தாய்மொழி. அதோடு அரபு, பார்சி, உருது, தமிழ், சம்ஸ்கிருதம் எல்லாம் கற்றார், ஆங்கிலமும் கற்றார். நம் கோட்டாறு இடலாக்குடிச் சதாவதானி செய்குதம்பிப் பாவலர் பிறந்தது அதற்கு அடுத்த ஆண்டு, 1874இல். ஒரே ராஜ்யத்தில் ஏறக்குறைய ஒரே வயதில் இரண்டு மேதைகள். பாவலர் சென்னை விக்டோரியா மண்டபத்தில் நூறு விஷயங்களை ஒரே நேரத்தில் மனத்தில் நிறுத்திக் காட்டினார். மௌலவியோ ஒரே ஒரு விஷயத்தை வாழ்நாள் முழுக்க மனத்தில் நிறுத்தினார். ஒரு முஸ்லிம் தன் சட்டத்தின் காரணத்தைக் கேட்கலாமா என்பதே அந்த விஷயம்.

கேள்வி சாதாரணமாகத்தான் தோன்றும். அதன் கனம் தெரிய வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

இடலாக்குடியில் எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் உண்டு. ஒரு நாள் அவரிடம், “ஸார், ஷாபி, ஹனபி என்கிறார்களே, அப்படி என்ன வித்தியாசம்?” என்று கேட்டேன்.

“தொழுகையிலே நெஞ்சுக்குக் கீழே கை கட்டினா ஷாபி, தொப்புளுக்குக் கீழே கட்டினா ஹனபி, அவ்வளவுதான்லேன்னு எங்க வாப்பா சொல்லுவாரு. கல்யாணம், காட்சின்னு வரும்போதுதான் அவ்வளவு இல்லேன்னு தெரியும்” என்றார்.

அவர் சொன்னது சரிதான். முகம்மது நபி காலமாகி இரண்டு மூன்று நூற்றாண்டுகளுக்குள், குர்ஆனிலிருந்தும் நபிமொழிகளிலிருந்தும் சட்டத்தை வகுத்தெடுத்த பெரிய அறிஞர்கள் பலர் தோன்றினார்கள். அபூ ஹனீபா, மாலிக், ஷாபி, இப்னு ஹன்பல் என்ற நால்வரின் வழிகள் நிலைத்தன. இந்த வழிக்கு மத்ஹப் என்று பெயர். தமிழ்நாட்டில் கடற்கரை முஸ்லிம்கள் பெரும்பாலும் ஷாபி, உள்நாட்டு ராவுத்தர்கள் ஹனபி. மலையாள முஸ்லிம்களில் பெரும்பாலோர் ஷாபி. வித்தியாசம் கை கட்டுவதோடு நிற்பதில்லை. வயது வந்த பெண் தன் கல்யாணத்தைத் தானே முடித்துக்கொள்ளலாம் என்பது ஹனபி வழி. தகப்பனாரோ, அவர் இடத்தில் நிற்கும் ‘வலீ’யோ இல்லாமல் கல்யாணம் செல்லாது என்பது ஷாபி வழி. கடல் கடந்து போன கணவன் திரும்பவில்லை. அவன் இருக்கிறானா, செத்தானா தெரியவில்லை. அவன் மனைவி எத்தனை காலம் காத்திருக்க வேண்டும்? பழைய ஹனபி நூல்கள் அவன் வயதை ஒத்தவர்கள் எல்லாம் இறந்து தீரும் வரை என்றன, தொண்ணூறு வயது என்று கணக்கும் போட்டன. மாலிக் வழியில் நாலு வருஷம்.

நாலு வருஷமும் தொண்ணூறு வயதும்! இரண்டும் மார்க்கச் சட்டமே. எந்த ஊரில், எந்த வழிக்காரன் வீட்டில் பிறந்தாள் என்பதை வைத்து ஒரு பெண்ணின் ஆயுள் தீர்மானிக்கப்பட்டது. அந்த வழி கடுமையாக இருக்கிறதே, அடுத்த வழியைப் பார்க்கலாமே என்று கேட்டால், கூடாது, உன் இமாம் சொன்னதை ஏற்று நட என்பதே பொது விதி. இப்படி ஏற்று நடப்பதற்குத் தக்லீத் என்று பெயர். மூலத்துக்கே போய்த் தானே ஆராய்ந்து முடிவு காண்பது இஜ்திஹாத். இஜ்திஹாதின் கதவு என்றைக்கோ சாத்தப்பட்டுவிட்டது என்று பல நூற்றாண்டுகளாகப் பேச்சு. கதவைத் தட்டிப் பார்த்தவர்கள் நடுநடுவே உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஓங்கித் தட்டியவர் எகிப்து தேசத்து முகம்மது அப்துஹு.

அப்துஹு 1849இல் பிறந்த கிராமத்துப் பிள்ளை. அல் அஸ்ஹரில் படித்தார், நாடு கடத்தப்பட்டார், திரும்பி வந்து 1899இல் எகிப்தின் முப்தியானார். கைவிடப்பட்ட மனைவிகளின் வழக்கில் ஹனபி வழி நெருக்குகிறது, மாலிக் வழியை எடுத்துக்கொள்ளலாம் என்று யோசனை சொன்னார். அது சட்டமாகப் பிற்பாடு 1920, 1929 ஆண்டுகள் ஆயின. அவருடைய பத்வாக்களில் நமக்குச் சுவையானது 1903இல் டிரான்ஸ்வாலுக்குக் கொடுத்தது. ஆமாம், காந்திஜி வக்கீல் தொழில் செய்துகொண்டிருந்த அதே டிரான்ஸ்வால்தான். அங்கிருந்த முஸ்லிம்கள் மூன்று கேள்வி அனுப்பினார்கள். வெள்ளைக்காரர் தொப்பியை நாங்கள் போடலாமா? கிறிஸ்தவர்கள் அறுத்த மாட்டிறைச்சியைச் சாப்பிடலாமா? ஹனபி இமாமுக்குப் பின்னால் ஷாபிகள் நின்று தொழலாமா?

மூன்றுக்கும் அப்துஹு ‘ஆகும்’ என்றார். மதத்தை விட்டுவிடும் எண்ணமில்லாமல் வெயிலுக்குத் தொப்பி போட்டால் என்ன குற்றம்? கெய்ரோவில் எதிர்ப்பத்திரிகைகள் அவரைக் கிழித்தன. மூன்றாவது கேள்வியைக் கவனியுங்கள். பிழைக்கப் போன இடத்தில் பள்ளிவாசல் ஒன்று, வந்து சேர்ந்தவர்களோ பல கடற்கரைக்காரர்கள். ஊரில் தனித்தனியாக இருந்தவரை எழாத கேள்வி, கப்பல் ஏறியபின் எழுந்துவிட்டது. சட்டங்களைப் பழசாக்குவதில் தத்துவங்களைவிடக் கப்பலுக்குப் பங்கு அதிகம் என்று எனக்கு எப்போதுமே ஒரு சந்தேகம் உண்டு.

அப்துஹுவின் எண்ணங்களை உலகமெல்லாம் கொண்டு போனது, அவருடைய சீடர் ரஷீத் ரிதா 1898இல் கெய்ரோவில் தொடங்கிய ‘அல் மனார்’ என்ற அரபுப் பத்திரிகை. மனார் என்றால் கலங்கரை விளக்கம். ஜாவா, சுமத்ரா வரை அதற்கு வாசகர்கள். திருவிதாங்கூரில், காயல் ஓரத்து வக்கத்தில், ஒரு பணக்கார வாலிபர் அதைத் தருவித்துப் படித்துக்கொண்டிருந்தார்.

படித்தவர் சும்மா இருக்கவில்லை. 1905ஆம் ஆண்டு ஜனவரி 19ஆம் தேதி ‘சுதேசாபிமானி’யைத் தொடங்கினார். இங்கிலாந்திலிருந்து யந்திரம் வரவழைத்தார். மறு ஆண்டு ராமகிருஷ்ண பிள்ளையை ஆசிரியராக்கி, எழுதுவதற்கு முழுச் சுதந்திரமும் கொடுத்தார். முதலாளி முஸ்லிம் மௌலவி, ஆசிரியர் நாயர், தாக்கப்படுபவர் பிராமண திவான். அந்தக் காலத் திருவிதாங்கூரில் இப்படி ஒரு கூட்டு இருந்தது என்பதே ஆச்சரியம். யந்திரம் பறிபோன பின் மன்னிப்பு எழுதிக் கொடுத்து மீட்கும்படி சிலர் சொன்னார்களாம். என் ஆசிரியர் இல்லாமல் எனக்கு அச்சுக்கூடம் எதற்கு என்றாராம் மௌலவி. வார்த்தை இதேதானா என்பது எப்படியிருந்தாலும், அவர் மன்னிப்புக் கேட்கவில்லை, யந்திரமும் திரும்பவில்லை. குடும்பச் செல்வம் கரைந்தது.

1906இலேயே ‘முஸ்லிம்’ என்று ஒரு மாதப் பத்திரிகையும் ஆரம்பித்திருந்தார். 1918இல் ‘அல் இஸ்லாம்’. இது மலையாள மொழி, ஆனால் அரபு எழுத்து. நம் தமிழ் முஸ்லிம்களின் அர்வி என்ற அரபுத்தமிழ் போல. மலையாள எழுத்தைப் படிக்காத, அரபு எழுத்து மட்டும் தெரிந்த வீட்டுப் பெண்களுக்கும் எட்ட வேண்டும் என்றால் அதுதான் வழி. ஐந்து இதழ்களோடு நின்றுவிட்டது. ஐந்தே இதழ்! ஆனாலும் கேரளத்து முஸ்லிம் சீர்திருத்தத்தின் கதையை எழுதுகிற யாரும் அந்த ஐந்தைத் தாண்டிப் போக முடிவதில்லை.

அவர் முப்தியாக இருந்ததில்லை, காஜி நாற்காலியிலும் உட்காரவில்லை. எந்தச் சட்டத்தையும் அவர் வரையவில்லை. பின்னே சட்டச் சிந்தனையில் அவருக்கு என்ன இடம்? அவர் கேட்கச் செய்த கேள்விகளில் இருக்கிறது.

வரதட்சணையை எடுத்துக்கொள்ளுங்கள். நாஞ்சில் நாட்டான் எவனுக்கும் இதை விளக்கத் தேவையில்லை. பெண்ணைப் பெற்றவன் நகையும் ரொக்கமும் எண்ணி வைக்கிற கணக்கில் நம் ஜில்லாவுக்கு எல்லா ஜாதியிலும் எல்லா மதத்திலும் பெயர் உண்டு. இஸ்லாமியச் சட்டப்படி கல்யாணத்தில் கொடுக்க வேண்டியவன் மாப்பிள்ளை. மஹர் என்ற அந்தத் தொகை மனைவிக்கே சொந்தம். நடப்பில் என்ன? மஹர் ஒரு சின்னத் தொகையாகப் பதிவுப் புத்தகத்தில் ஏறும், எல்லாரும் கேட்க வாசிக்கப்படும். பெண் வீட்டிலிருந்து போகிற பெரிய தொகை எந்தப் புத்தகத்திலும் ஏறாது. இப்படிச் சட்டத்தைத் தலைகீழாக நிறுத்தி வைத்துவிட்டு, தொழுகையில் கை எங்கே கட்டுவது என்று சண்டை போடுகிறோமே என்பதுதான் சீர்திருத்தக்காரர்களின் ஆத்திரம். மௌலவி வரதட்சணையை எதிர்த்தார், கல்யாண ஆடம்பரத்தை எதிர்த்தார். பழக்கம் வேறு, மார்க்கம் வேறு என்று பிரித்துக் காட்டினார்.

இன்னொன்று சொத்து. நாஞ்சில் நாட்டு வேளாளர்களுக்குள் இருந்த மருமக்கள் வழியைக் கவிமணி பரிகாசம் செய்து ஒரு மான்மியமே பாடினார். 1926இல் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்து அதை மாற்றியது. அதற்கு முன்பே நாயர்களுக்கும் ஈழவர்களுக்கும் சட்டங்கள் வந்தன. தகப்பன் சொத்து பிள்ளைக்கா, மருமகனுக்கா என்பதே அன்றைய திருவிதாங்கூரின் மூச்சாக இருந்தது. மருமக்கள் வழி சில முஸ்லிம் குடும்பங்களிலும் இருந்தது. மற்றவர்கள் புதிதாகச் சட்டம் கேட்க வேண்டியிருந்தது. முஸ்லிம்களுக்கோ மகன், மகள், மனைவி, தாய் என்று ஒவ்வொருவருக்கும் இத்தனை பங்கு என்று குர்ஆனிலேயே எழுதியிருக்கிறது. மகளுக்கு மகனில் பாதி. மூலத்துக்குத் திரும்புங்கள் என்ற குரல் இங்கே பழமைக்குத் திரும்புவதாக இல்லை, வழக்கத்தை உடைப்பதாக இருந்தது. கொல்லம் 1108இல், அதாவது 1932-33இல், திருவிதாங்கூரில் முஸ்லிம் வாரிசுச் சட்டம் வந்தது. மௌலவி 1932இலேயே காலமாகிவிட்டார். அந்தச் சட்டத்தை அவர் கணக்கில் எழுதக்கூடாது. ஆனால் அது பிறந்த காற்றில் அவர் மூச்சும் உண்டு.

நியாயமாக இதையும் சொல்ல வேண்டும். மருமக்கள் வழித் தறவாட்டில் பெண் பிறந்த வீட்டை விட்டுப் போக வேண்டியதில்லை, கூரை அவளுடையது. பங்கு கிடைத்தவள் சில இடங்களில் வீட்டை இழந்தாள். சீர்திருத்தக்காரர்கள் யாரும் இந்தக் கணக்கை முழுசாகப் போட்டதாகத் தெரியவில்லை. கவிமணிகூட.

மௌலவியின் காரியங்களில் உடனே பலித்தது பள்ளிக்கூடம். ஆங்கிலமும் மலையாளமும் படித்தால் ஈமான் போய்விடும் என்று பிள்ளைகளை அனுப்பாமல் இருந்த காலம். அவர் சர்க்காரை விடாமல் கேட்டு, முஸ்லிம் பிள்ளைகள் படிக்கிற அரசாங்கப் பள்ளிகளில் அரபு கற்பிக்க ஏற்பாடு செய்வித்தார். பெண் குழந்தைகளுக்குச் சம்பளம் வேண்டாம் என்று ஆயிற்று. அரபு வாத்தியார்களுக்கான பரீட்சையில் அவரே பிரதான பரீட்சகர். தந்திரமான ஏற்பாடு என்றுதான் சொல்வேன். அரபு இருக்கிறதே என்று தகப்பன்மார் பிள்ளையை அனுப்பினார்கள், பிள்ளை கணக்கும் பூகோளமும் சேர்த்துப் படித்துக்கொண்டு வந்தது. தானே வாசிக்கத் தெரியாதவனிடம் இஜ்திஹாத் பேசி என்ன பயன்?

1922இல் கொடுங்கல்லூரில் கேரள முஸ்லிம் ஐக்கிய சங்கம் தோன்றியபோது மௌலவி அதன் தூண்களில் ஒருவர். 1924இல் ஆலுவாயில் நடந்த மாநாட்டுக்கு நம் வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் கல்லூரி முதல்வர் அப்துல் ஜப்பார் ஹஸ்ரத் தலைமை வகித்தார். அங்கே ஆலிம்களுக்கு ஒரு சபையும் பிறந்தது. அதே சமயம் எதிர்ப்பும் திரண்டது. 1926இல் பழைய வழி ஆலிம்கள் கோழிக்கோட்டில் ‘சமஸ்தா’வை அமைத்தார்கள். வங்கி வட்டி விவகாரம் வந்தபோது ஐக்கிய சங்கத்துக்குள்ளேயே மனஸ்தாபம் முற்றியது.

எதிர்த்தவர்களை மூடர்கள் என்று தள்ளிவிடுவது சுலபம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எங்கள் ஊர்ச் சிற்பி ஒருவர் ஒரு முறை சொன்னார். தாளக் கணக்குப்படி முகம் இத்தனை, கழுத்து இத்தனை என்று அளந்து வெட்டக் கற்ற பிறகு, முப்பது வருஷம் கழித்து அளவை மீறினால் அது கலை, மூன்றாம் மாசமே மீறினால் கல் பாழ் என்றார். ஆலிம்களின் வாதமும் ஏறக்குறைய இதுதான். ஆயிரம் வருஷம் எத்தனையோ அறிவாளிகள் கூடிச் செதுக்கிய அளவு மத்ஹப். நாலு பத்திரிகை படித்த வாலிபன் மூலத்தைப் புரட்டிக்கொண்டு, எனக்கு இப்படிப் படுகிறது என்றால், நாளைக்கு ஊருக்கு ஒரு சட்டம், வீட்டுக்கு ஒரு சட்டம் ஆகாதா? இந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. மௌலவி முப்பது வருஷக்காரர். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாரும் அப்படி அல்ல.

எங்கள் மயிலாடிக்கு இந்த வாதம் புதிதல்ல. 1809இலேயே ரிங்கல்தௌபே பாதிரியாரும் வேதமாணிக்கமும் இங்கே கோயில் எழுப்பி, வேதப்புத்தகத்தை எல்லாரும் வாசிக்கலாம் என்றார்கள். அதனால் சிலர் மௌலவியை லூதருக்கு ஒப்பிடுவதுண்டு. ஒப்புமை ரொம்ப தூரம் போகாது. இஸ்லாத்தில் உடைப்பதற்குப் போப்பாண்டவர் இல்லை. உள்ளது நூல்கள், உரைகள், உரைக்கு உரைகள். மதில் இருந்தால் இடிக்கலாம், பழக்கத்தை எங்கே இடிப்பது?

சுவாரஸ்யம் என்னவென்றால், தக்லீதை விடாதவர்களே ஒரு கட்டத்தில் அடுத்த வழியின் கதவைத் திறக்க நேர்ந்தது. கொடுமைக்காரக் கணவனிடமிருந்து விடுபட வேறு வழியின்றி வடநாட்டில் சில முஸ்லிம் பெண்கள் மதம் மாறுகிறார்கள் என்ற செய்தி ஆலிம்களை உலுக்கியது. மௌலானா அஷ்ரப் அலி தானவி பழுத்த ஹனபி. அவரே 1930களின் ஆரம்பத்தில், இந்தப் பெண்களுக்கு மாலிக் வழியை எடுத்துக்கொள்ளலாம் என்று நூல் எழுதினார். அதன் வழியாக 1939இல் முஸ்லிம் விவாகரத்துச் சட்டம் வந்தது. கணவன் இருக்குமிடம் நாலு வருஷம் தெரியாவிட்டால், இரண்டு வருஷம் சோறு போடாவிட்டால், மனைவி கோர்ட்டில் விடுதலை கேட்கலாம். தொண்ணூறு வயது நாலு வருஷமாயிற்று. கெய்ரோவில் அப்துஹு சொன்னதைத் தேவபந்து வழிக்காரர் தம் வழியில் வந்து எட்டினார். வக்கத்துக்காரர் அதைப் பார்க்க இல்லை.

தமிழ்ப் பக்கத்தில் இதே வேலையைச் செய்தவர் ‘தாருல் இஸ்லாம்’ பா. தாவூத்ஷா. 1885இல் பிறந்து 1969 வரை வாழ்ந்த அவரைப் பற்றித் தனியே எழுத வேண்டும்.

மௌலவியோடு எனக்கு ஒரு சண்டையும் உண்டு. தர்காக்களையும் உரூஸ் விழாக்களையும் அவர் கடுமையாக எதிர்த்தார். வீண் செலவு, மார்க்கத்தில் இல்லாதது என்றார். வாதத்தில் அவரை ஜெயிக்க என்னால் முடியாது. ஆனால் தக்கலையில் பீர் முகம்மது அப்பா நினைவு நாளில் இரவு முழுக்க ஞானப்புகழ்ச்சி பாடுவதை நான் கேட்டிருக்கிறேன். எண்ணெய் போட்டுச் சீவிய தலைகள், தூக்கம் சொக்கும் குழந்தைகள், வரி தவறாமல் முன்னூறு வருஷத்துத் தமிழ். சட்டம் என்ன சொன்னாலும் அந்த ராத்திரி இல்லாத நாஞ்சில் நாட்டை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. மௌலவியின் குருபீடமான ரிதாவே பிற்காலத்தில், 1920களில், அரேபியாவின் வஹாபிகளை ஆதரித்து எழுதலானார். பெண்ணின் விடுதலை, பிள்ளையின் படிப்பு என்று தொடங்கிய விவாதம் பல ஊர்களில் சமாதியும் சந்தனக்குடமும் என்று சுருங்கியது. இதற்கு வக்கம் மௌலவியைப் பொறுப்பாக்குவது அநியாயம். ஆனால் அவர் வைத்த விதையில் இந்தக் கிளையும் உண்டு.

“உங்க வீட்டிலே யார் கட்சி?” என்று இடலாக்குடி வாத்தியாரிடம் கேட்டேன்.

“நான் மௌலவி கட்சி. என் வீட்டுக்காரி தக்கலைக் கட்சி. மகள் கல்யாணத்துக்கு வரதட்சணை கொடுக்கமாட்டேன்னு நான் ஒத்தைக் காலிலே நின்னேன். நாலு வருஷம் ஒரு சம்பந்தமும் அமையல்லே.”

“அப்புறம்?”

“அப்புறம் கொடுத்தேன்” என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். “பதிவுப் புத்தகத்திலே மஹர் மட்டும்தான் இருக்கு.”

மௌலவி கடைசியாக நடத்திய பத்திரிகை ‘தீபிகா’. 1931இல் தொடங்கினார். அதுவும் நெடுநாள் நீடிக்கவில்லை. அவர் காலமாகிப் பல ஆண்டுகளுக்குப் பிறகு, இ. எம். எஸ். நம்பூதிரிபாடு முதன்மந்திரியாக இருந்தபோது, 1910இல் கைப்பற்றிய அச்சு யந்திரத்தைச் சர்க்கார் அவர் குடும்பத்தாரிடமே திருப்பிக் கொடுத்தது.